பாரப் படகும் பழைய மோட்டாரும்

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் பொழுது புலருமுன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடுகின்றது. புறக்கோட்டை சென். ஜோன்ஸ் சந்தையில் நடந்துவந்த மொத்த வியாபாரம் 2011ஆம் ஆண்டில் களனி கங்கையின் வடகரையிலுள்ள இவ்விடத்திற்குப் பெயர்ந்தது. அன்று முதல் இத்தீவின் நாலா திசைகளிலுமிருந்து பிடிபடும் மீன் இங்கே வந்து குவிகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதியம் கொதிக்கும் மீன் குழம்பிற்கும் இச்சந்தைக்கும் ஏதோ ஒரு வகையில் தொடர்பிருக்கும்.

மீனுக்கு விலை சொல்வது வியாபாரி என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் பாதி விலையைச் சொல்வது கடிகாரமே. வலையிலிருந்து எடுத்த மீன் கரையையும் பனிக்கட்டியையும் அடையச் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் பசுமையைக் குறைக்கின்றது. பசுமை குறையுமிடத்து விலையும் குறைகின்றது. ஆதலால், சிறு படகுக்காரருக்கு வேகம் என்பது விளையாட்டன்று; வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆயின், நமது கரையோரங்களில் சிறு தொழில் செய்வோரிற் பலரிடம் புதிய யந்திரம் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் உப்பு நீரில் உழைத்த மோட்டாரும், வருடா வருடம் பாரம் கூடிக்கொண்டே செல்லும் படகுமே அவர்களுடைய முதல். ‘இதைவிடப் பெரிய மோட்டார் ஒன்று வாங்கினாலொழிய வேகம் வராது’ என்று கூறிப் பெருமூச்சு விடுவோர் அநேகர். அக்கூற்று எவ்வளவு தூரம் சரியானது, கையிலிருப்பதைக் கொண்டே செய்யக்கூடியவை எவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

ஒரு மோட்டாரின் கதை

படகின் பின்பலகையிற் கழற்றிப் பூட்டக்கூடிய மோட்டாரை ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று நம் நாட்டில் வழங்குகின்றோம். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓல் எவின்றூட் என்பவர் 1909ஆம் ஆண்டு இதனை வியாபார முறையில் விற்கத் தொடங்கினார். தம் காதலிக்கு ஏரிக்கு அப்பாலிருந்து ஐஸ்கிறீம் வாங்கித் துடுப்பு வலித்து வருமுன் அது உருகிப் போயிற்றென்றும், அதுவே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவருக்குச் சற்று முன்பே கமரன் வாட்டர்மன் என்னும் அமெரிக்கரும் இத்தகைய மோட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். எவின்றூட்டின் முதல் மோட்டார் ஒன்றரைக் குதிரைவலு உடையது. நிறை 62 இறாத்தல். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. அவர் வகுத்த வழியோ உலகின் கரையெங்கும் நிலைத்துவிட்டது.

இலங்கையில் 1950களில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர்களுடைய உதவியோடு மீன்பிடிக் கலங்களை யந்திரமயமாக்கும் முயற்சி ஆரம்பமாயிற்று. அத்தசாப்தத்தின் இறுதியில் 28 அடி நீளமான, உள்ளே டீசல் யந்திரம் பொருத்திய மூன்றரைத் தொன் படகுகள் வழங்கப்பட்டன. பின்னர், ‘பைபர்’ என்று நாம் சொல்லும் கண்ணாடியிழையினாலான 18 அடி அளவுள்ள சிறு படகுகள் பரவின. அவற்றோடு ஜப்பானிய வெளியிணைப்பு மோட்டார்களும் வந்து சேர்ந்தன. இவற்றுட் பல, பெற்றோலிற் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் வகையின. மலிவான எரிபொருளில் ஓடுவதே அவற்றின் விசேஷம்.

அந்த மலிவு 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் மறைந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. பத்து லீற்றருக்கு 870 ரூபா கொடுத்தவர் மறுநாள் 3,400 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. விலை பின்னர் பலமுறை மாறியபோதிலும், ஒரு துளி எரிபொருளையும் வீணாக்கலாகாது என்ற பாடம் கரையோரத்தில் நிலைத்துவிட்டது. ஆகவே, ‘எவ்வளவு வேகம்?’ என்ற கேள்வியோடு ‘என்ன விலைக்கு வேகம்?’ என்ற கேள்வியும் இன்று சேர்ந்தே எழுகின்றது.

நீர் விதித்த எல்லை

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு நீரே ஓர் எல்லையை விதிக்கின்றது. படகு ஓடும்போது முன்னே ஓர் அலையும் பின்னே ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட இவ்விரு அலைகளுக்குமிடையிலுள்ள தூரமும் கூடுகின்றது. அது படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்திற் பின்புறம் அமிழ்ந்து, அணியம் மேலெழுந்து, மேட்டில் ஏறும் வண்டியைப் போலத் திணறுகின்றது. அதன் பின் மோட்டார் எவ்வளவு முனகினாலும் வேகம் கூடுவதில்லை, அலைதான் பெரிதாகின்றது.

பிரித்தானியப் பொறியியலறிஞர் வில்லியம் புரூட், 19ஆம் நூற்றாண்டில் சிறு மாதிரிக் கலங்களை நீரில் இழுத்துப் பார்த்து இத்தகைய தடைகளை அளந்தறிந்தார். அதன் வழி வந்த எளிய கணக்கு ஒன்றுண்டு. படகு நீரிற் படியும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், அந்த எல்லை வேகம் மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். நீரிற் படியும் நீளம் 16 அடியாயின், வர்க்கமூலம் 4. எல்லை ஏறத்தாழ 5.4 கடல் மைல். 25 அடியாயின் 6.7 கடல் மைல்.

இந்த எல்லையைக் கடப்பதற்கு இரு வழிகளே உள. ஒன்று, நம் பழைய ஒருவைப் போல உடலை மிக ஒடுக்கமாக அமைத்தல். ஒடுங்கிய கலம் பெரிய அலையை எழுப்புவதில்லை. ஆதலால் எல்லை அதனை அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. மற்றொன்று, தட்டையான அடியுடைய இலேசான படகு நீரைப் பிளவாமல் நீரின் மேலேறி வழுக்கிச் செல்லுதல். பைபர் வள்ளம் வெறுமையாக இருக்கும்போது துள்ளி ஓடுவது இவ்வாறே. அதே வள்ளத்தில் வலை, பனிக்கட்டி, மீன், மூன்று ஆட்கள் என்று ஏற்றியதும் மேலேற இயலாமல் நீரைப் பிளக்கத் தொடங்கிவிடுகின்றது. மோட்டார் கெட்டுவிட்டதென்று நாம் குறைகூறும் பல சந்தர்ப்பங்களில், உண்மையிற் படகு எல்லைக்கு இப்பால் விழுந்துவிட்டது என்பதே காரணம்.

பெரிய மோட்டார் வாங்குவதைப் பற்றியும் இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு வேண்டிய வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி வளர்கின்றது. 15 குதிரைவலுவில் 6 கடல் மைல் ஓடும் படகை 7 கடல் மைலுக்கு உயர்த்த ஏறக்குறைய 24 குதிரைவலு வேண்டும். எல்லையை அண்மிய படகுக்கு அதுவும் போதாது. ஒரு கடல் மைலுக்காகப் புதிய மோட்டார், கூடுதல் நிறை, கூடுதல் எரிபொருள் என்று மூன்று செலவுகள் வந்து சேர்கின்றன. படகின் பின்பலகை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பது நான்காவது கேள்வி.

காசின்றிச் செய்யக்கூடியவை

முதற் காரியம் பாரத்தைக் குறைத்தல். பழைய படகு புதிய படகைவிடக் கனமானது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். மரப் படகு நீரைக் குடிக்கின்றது. பைபர் படகின் தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த நுரைப் பொருளோ, வெடிப்புகளின் ஊடாக ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. நீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ நிறையுடையது. எட்டு வாளி நீர் அடியிற் கிடந்தால், ஓர் ஆளைச் சம்பளமின்றி ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும். படகைக் கரையேற்றிச் சரித்து வைத்து, தேங்கிய நீரை வடியவிட்டு, வெயிலில் உலர்த்தி, வெடிப்புகளை அடைத்தல் வேண்டும். பயன்படாத கயிறு, கிழிந்த வலை, துருப்பிடித்த நங்கூரம் ஆகியவற்றைக் கரையில் இறக்குவதும் இதனோடு சேர்ந்ததே. துடுப்பு, மேலதிக எரிபொருள், உயிர்காப்பு அங்கி ஆகியவற்றை மட்டும் பாரமென்று கருதி இறக்கலாகாது.

இரண்டாவது, ஏற்றும் பாரத்தை இடமறிந்து வைத்தல். மோட்டார், எண்ணெய்த் தாங்கி, ஓட்டுபவர் ஆகிய மூன்று பாரங்களும் பின்னாலேயே கூடுவதால் படகு பின்புறம் அமிழ்ந்து நீரை இழுத்துச் செல்கின்றது. தாங்கியையும் பனிக்கட்டிப் பெட்டியையும் நடுப்பகுதிக்கு நகர்த்தினால், ஒரு சதமும் செலவின்றி வேகம் கூடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். அளவுக்கு மீறி முன்னே வைத்தால் அணியம் அலையிற் குத்தும்; ஆற்று முகத்துவாரத்தில் அது ஆபத்து.

மூன்றாவது, அடிப்பாகத்தைச் சுத்தம் செய்தல். பாசியும் கொட்டலசும் பிடித்த அடி, சீலையை இழுத்துக்கொண்டு முள் வேலிக்குள் ஓடுவது போன்ற நிலையை உண்டாக்குகின்றது. மெல்லிய பாசியே தடையை உணரக்கூடிய அளவு அதிகரிக்கும். சுரண்டிக் கழுவிய அடியைக் கையாலே தடவிப் பார்த்தல் நல்ல சோதனை.

நான்காவது, மோட்டாரின் கால் நிற்கும் கோணத்தைக் கவனித்தல். பின்பலகைக்கும் மோட்டாருக்குமிடையில் ஓர் ஆணியை மாற்றிச் செருகக்கூடிய துளைகள் உண்டு. படகு ஓடும் நிலையில் மோட்டாரின் கால் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக இருந்தால், தள்ளும் விசை முழுவதும் முன்னோக்கிச் செல்லும். இல்லையெனில் அதன் ஒரு பகுதி படகைத் தூக்குவதிலோ அமிழ்த்துவதிலோ வீணாகும்.

உயரமும் விசிறியும்

மோட்டாரைப் பூட்டும் உயரம் அடுத்த விஷயம். விசிறிக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் அடிமட்டத்தோடு ஒத்தோ அல்லது ஓரங்குலம் தாழ்ந்தோ இருத்தல் பொதுவான விதி. அதைவிட ஆழமாக இறங்கினால், காலே நீரில் இழுபடும் சுமையாகின்றது. மிக உயர்ந்தால், விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். குட்டைக் கால் ஏறக்குறைய 15 அங்குலமும் நெட்டைக் கால் 20 அங்குலமும் இருப்பதால், பிறர் படகிலிருந்து வாங்கிய மோட்டார் நம் பின்பலகைக்குப் பொருந்துகின்றதா என்று அளந்து பார்த்தே பூட்டல் வேண்டும். பாரப் படகுகளில் விசிறிக்கு நேர் முன்னே தடித்த அடிக்கட்டை ஒன்று முடிவடைவதுண்டு. அது நீரைக் கலக்கி விசிறிக்கு அனுப்பும். அதன் பின்முனையை ஒடுக்கிச் சீவிவிட்டால் நீர் ஒழுங்காகச் செல்லும்.

இனி, யாவற்றிலும் முக்கியமானதும் யாவராலும் மறக்கப்படுவதும் விசிறி. புரொப்பெல்லர் என்று கடைகளிற் கேட்டு வாங்கும் இவ்விசிறிக்கு இரு எண்கள் உண்டு. ஒன்று அதன் விட்டம். மற்றையது, ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டுமென்று காட்டும் ஏற்றம். தச்சர் திருகாணியை ஒரு முறை திருகும்போது அது மரத்துக்குள் இறங்கும் தூரத்தைப் போன்றது இந்த ஏற்றம். ஏற்றம் கூடியதாயின் வேகமும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. இலேசான படகுக்கு அது பொருந்தும். பாரப் படகுக்குப் பொருந்தாது.

சைக்கிளில் மேடு ஏறுபவர் கடினமான பல்லில் மிதித்தால் என்ன நேரும்? கால் சுழலாது, வலு இருந்தும் வண்டி நகராது. மோட்டாரும் அப்படியே. ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளிலே தான் தன் முழு வலுவையும் தருமென்று வைத்துக்கொள்வோம். 10 அங்குல ஏற்றமுடைய விசிறியைப் பாரப் படகிற் பூட்டினால் அது 4,200 சுற்றுகளோடு நின்றுவிடுகின்றது. பெயரளவில் 15 குதிரைவலு இருந்தும், அதன் ஒரு பகுதி படகுக்கு எட்டுவதேயில்லை. ஏற்றத்தில் ஓரங்குலம் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும் என்பது தொழிலாளர் அறிந்த கணக்கு. எட்டங்குல விசிறி பூட்டினால் 4,600 சுற்றை அண்மிக்கலாம். காகிதக் கணக்கிற் குறைந்த வேகம் காட்டும் விசிறி, நீரில் அதிக வேகம் தருவது இதனாலேயே.

சுற்று மிகக் குறைவாக ஓடும் மோட்டார் வேகத்தை இழப்பதோடு ஆயுளையும் இழக்கின்றது. திணறும் மோட்டாரில் வெப்பம் கூடி, கரி படிந்து, பிஸ்ரன் சேதமுறும். மறுபுறம், தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு மேலே சுற்றவிடுவதும் கூடாது. ஆகவே, வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொண்டு, முழு வீச்சில் ஓட்டி, சுற்று அளக்கும் கருவியினால் ஒருமுறை பார்த்த பின்னரே விசிறியை மாற்றுதல் புத்தி.

விசிறியின் இதழ் வளைந்தோ விளிம்பு கடிபட்டோ இருந்தால் அதனைத் திருத்துதலும் அவசியம். இன்னுமொரு மறைவான குறையுண்டு. விசிறியின் நடுவே இருக்கும் இறப்பர், பழையதாகிப் பிடி தளர்ந்துவிடுவதுண்டு. அப்போது மோட்டார் இரைந்து சுற்றும்; படகு ஓடாது. உட்குழாயிலும் வெளிக்குடத்திலும் தொடர்ச்சியாக ஒரு கோடு கீறிவிட்டு, ஓட்டியபின் பார்த்தால், கோடு பிரிந்திருப்பின் இறப்பர் வழுக்குகின்றதென்று அறியலாம்.

பழைய மோட்டாருக்கு மருந்து

மோட்டாரின் உள்ளேயும் இழந்த வலு பதுங்கிக் கிடக்கும். கைப்பிடியை முழுவதும் திருகியபோது காபரேட்டரின் வாய் உண்மையிலேயே முழுவதும் திறக்கின்றதா என்று பார்த்தல் முதல் வேலை. கம்பி நீண்டுவிட்ட மோட்டார்களில் முக்காற் பங்கே திறப்பதுண்டு. அடுத்து, பிளக். வெளிர் மண்ணிறமாயிருப்பின் எரிதல் நன்று. கறுத்து ஈரமாயிருப்பின் எண்ணெய் மிகுதியோ தீப்பொறியிற் குறையோ உண்டு. இரு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து, இரண்டுக்குமிடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் காணப்பட்டால், வளையங்களை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்குக் கரி ஒரு பரம்பரை நோய். கரையை அண்மியதும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டரிலுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் மறுநாள் கிளம்புவதற்கும் நல்லது, கரியையும் மட்டுப்படுத்தும். குளிர்நீர் இறைக்கும் இறப்பர்ச் சக்கரத்தை உரிய காலத்தில் மாற்றாதவர், சில நூறு ரூபா மிச்சம் பிடிக்க முழு மோட்டாரையும் பணயம் வைக்கின்றார். எண்ணெய்க் கலவையிற் சிக்கனம் பிடிப்பதும் அவ்வாறே. தயாரிப்பாளர் 50க்கு 1 என்றோ 25க்கு 1 என்றோ குறித்திருப்பின், அதுவே அளவு.

இத்தனை மாற்றங்களையும் ஒரே நாளிற் செய்துவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் நிற்பதிற் பயனில்லை. ஒரு முறைக்கு ஒன்றே மாற்றல் வேண்டும். கரையில் இரு அடையாளங்களைத் தெரிந்து, அவற்றுக்கிடையே போகும் வேகத்தையும் வரும் வேகத்தையும் தனித்தனியே கணித்து, இரண்டின் சராசரியைக் கொப்பியில் எழுதுதல் வேண்டும். அப்போது ஆற்றோட்டமும் காற்றும் கணக்கைப் பெரிதும் கெடுக்கா. கைத்தொலைபேசியே வேகத்தைக் காட்டும் இக்காலத்தில் இது கடினமன்று.

ஒரு கடல் மைலின் பெறுமதி

இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரு கடல் மைல்தானே என்று கேட்பவருக்குக் களனி கங்கையே விடை கூறும். அமைதியான நீரில் 5 கடல் மைல் வேகமுள்ள படகு 3 கடல் மைல் தூரத்தை 36 நிமிடத்திற் கடக்கும். 6 ஆக உயர்ந்தால் 30 நிமிடம். மிச்சம் ஆறு நிமிடமே. ஆனால், மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் இறங்கி வரும் நீரை எதிர்த்துச் செல்லும்போது, முதற் படகின் முன்னேற்றம் 2 கடல் மைல், இரண்டாவதினது 3. முதலாவதற்கு ஒன்றரை மணி நேரம். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். அரை மணி நேரமும், அந்த அரை மணி நேரத்து எரிபொருளும் மிச்சம்.

அந்த அரை மணியின் அருமையைக் களனிக் கரையார் நன்கறிவர். 2016 மே மாதத்திற் கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீதிகளும் வீடுகளும் நீருள் மூழ்கியபோது, கூரைகளிலும் மாடிகளிலும் தங்கியிருந்தோரைப் படகுகளே கரைசேர்த்தன. 2018 ஆகஸ்டிற் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, அந்நாட்டு மீனவர் தம் படகுகளை லொறிகளில் ஏற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுசென்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினர். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்ற முதுமொழி அன்று கண்முன்னே நிகழ்ந்தது. அத்தகைய வேளைகளில், முதியோரும் குழந்தைகளும் நிறைந்த பாரப் படகு எதிர்நீரில் முன்னேறுமா, நின்ற இடத்திலேயே நிற்குமா என்பதை அந்த ஒரு கடல் மைலே தீர்மானிக்கும்.

ஆயினும், முழு வீச்சில் எந்நேரமும் ஓட்டுவது அறிவுடைமையன்று. எல்லையை எட்டிய படகை மேலும் விரட்டினால் வேகம் சிறிதும் எரிபொருள் பெரிதுமாகக் கூடும். அவசரமில்லாத பயணத்தில், பின்னலை தாழ்ந்து படகு மட்டமாகும் வரை கைப்பிடியைச் சற்றே தளர்த்துபவர், சில நிமிடங்களைக் கொடுத்துப் பல ரூபாவைப் பெறுகின்றார். மீன் நிறைந்து வரும் நாளிலும் மழை இருளும் வேளையிலும் வேண்டிய வேகம் கைக்குள் இருத்தல் வேண்டும். மற்றை நாட்களில் அது கைக்குள்ளேயே இருப்பது நன்று.

ஆகவே, கடன்பட்டுப் பெரிய மோட்டார் வாங்க எண்ணும் அன்பர்கள், அதற்கு முன் ஒரு வார காலம் படகைக் கரையேற்றி உலர்த்தி, அடியைச் சுரண்டி, பாரத்தை இடம் மாற்றி, விசிறியின் எண்ணைப் பார்த்துக்கொள்வார்களாக. அதன் பின்னும் போதாதெனின் வாங்கலாம். பெரும்பாலும், தேடிய குதிரைகளிற் சில பழைய மோட்டாருக்குள்ளேயே கட்டுண்டு நிற்பதை அவர்கள் காண்பார்கள்.